வீட்டுக் கடன் தவணை கட்ட முடியவில்லை: விற்பதா, வங்கியிடம் பேசுவதா?

நிலைப்படி:
வணக்கம். வீட்டுக் கடன் என் பெயரிலும் கணவர் பெயரிலும் கூட்டாக இருக்கிறது. அவருக்கு ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. என் ஒருத்தியின் சம்பளத்தில் தவணை போக மிஞ்சுவது வீட்டுச் செலவுக்கே போதவில்லை. இரண்டு தவணைகள் நின்றுவிட்டன, மூன்றாவது அடுத்த வாரம். வங்கியிலிருந்து தினமும் போன் வருகிறது. "எப்போது கட்டுவீர்கள்" என்பதைத் தவிர வேறெதுவும் அவர்கள் பேசுவதில்லை.

தெரிந்த தரகர் ஒருவர், "எனக்குப் பவர் எழுதிக் கொடுங்கள், மீதித் தவணையை நான் கட்டிக்கொள்கிறேன், கையிலும் ஒரு தொகை தருகிறேன்" என்கிறார். மாமனாரோ வீட்டை விற்கவே கூடாது, நகையை வைத்துக் கட்டுங்கள் என்கிறார். வங்கி எப்போது வீட்டை எடுக்கும்? அதற்குள் என்னவெல்லாம் செய்யலாம்?

பழைய கணக்கர்:
அம்மா, வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதல் வேலையாக அந்தத் தரகருக்கு "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். பவர் எழுதிக் கொடுத்தாலும் கடன் உங்கள் தலையில்தான் இருக்கும். அவர் உங்கள் வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்து முன்பணம் வாங்கிக்கொள்வார், சில மாதம் தவணை கட்டுவார், பிறகு நிறுத்துவார். நோட்டீஸ் வருவது உங்கள் இருவர் பெயருக்கு, சிபில் (கடன் மதிப்பெண்) கெடுவதும் உங்களுக்கு. தவணை தவறியவர்களைத் தேடிப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இனி நாள் கணக்கு. பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வராக்கடன் ஆகிவிடும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை, மிகப் பழைய தவணை ஒன்றைக் கட்டினால்கூட நாள் கணக்கு பின்னால் போகும். தாண்டிவிட்டால் அப்படியில்லை: நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். ஆகவே நகையை வைப்பதாக இருந்தால் இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் வையுங்கள், அதுவும் அடுத்து என்ன செய்வது என்று முடிவான பிறகு. மாதாமாதம் நகை வைத்துத் தவணை கட்டினால் கடைசியில் நகையும் இருக்காது, வீடும் இருக்காது.

வராக்கடன் ஆன பிறகு 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி, அதாவது அடமானச் சொத்தை வங்கி நீதிமன்ற வழக்கில்லாமலே எடுத்து விற்க இடம் தரும் சட்டப்படி, பாக்கியைக் கட்டச் சொல்லி 13(2) நோட்டீஸ் வரும். 60 நாள் அவகாசம். அதற்கு நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் பெரும்பாலும் "ஏற்க இயலாது" என்றே இருக்கும், இருந்தாலும் கொடுங்கள். பின்னால் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போனால் அந்தக் காகிதம் பேசும். 60 நாள் முடிந்தால், வீட்டை வங்கி தன் வசம் எடுத்ததாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பைச் சுவரில் ஒட்டுவார்கள், பத்திரிகையிலும் போடுவார்கள். அன்றே யாரும் வெளியேற்ற மாட்டார்கள், பூட்டுப் போட மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கி வருவதுதான் வழக்கம். ஏலத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்.

ஏல நாள்வரை பணம் கட்டி மீட்கலாம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்புவரைதான் அந்த உரிமை.

இரண்டாம் தளம்:
நாங்கள் வேறு வழியில் தப்பித்தோம், அதையும் பாருங்கள். போனில் பேசுவது ஆள்விட்டு ஆள் மாறும் வசூல் பிரிவு. அவர்களுக்குச் சலுகை தரும் அதிகாரம் கிடையாது. கிளைக்கு நேரில் போய் மேலாளரிடம் கடிதம் கொடுங்கள்: வேலை போன கடிதத்தின் நகல், உங்கள் சம்பளச் சீட்டு, இப்போது மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற ஒரே ஒரு தொகை. கடன் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்கக் கேட்கலாம். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். எங்களுக்குக் காலத்தை நீட்டித்தார்கள், ஆனால் கடன் வரலாற்றில் மறுசீரமைப்பு என்று பதிவாகிவிட்டது. வட்டியும் மொத்தத்தில் கூடுதல்.

2020இல் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைக்கு விலக்கு கொடுத்தார்களே என்று கேட்காதீர்கள். அது கொரோனாவுக்காக. நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

பழைய கணக்கர்:
சரிதான், ஆனால் நீட்டிப்பு வருமானம் திரும்பி வரும் என்ற உறுதி உள்ளவர்களுக்கு. அடுத்த ஆறு மாதத்தில் வேலை கிடைக்கும் என்று நம்ப இடமிருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே விற்பதுதான் நல்லது. ஏலத்தில் கையில் பணம் வைத்திருப்பவர் மட்டும்தான் வருவார், சிக்கல் உள்ள சொத்து என்று விலையை அடிப்பார். பாக்கி போக மிஞ்சினால் வங்கி உங்களுக்குத் தர வேண்டும், குறைந்தால் அந்தக் குறையையும் உங்களிடமே வசூலிக்கலாம். மாமனாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பெரியவர்களுக்கு வீடு என்றால் கௌரவம், சுவரில் நோட்டீஸ் ஒட்டினால் அந்தக் கௌரவம் என்ன ஆகும்?

இன்னொன்று. 13(2) நோட்டீஸ் வந்துவிட்டால் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது.

முத்திரைத்தாள்:
வழக்கறிஞராகச் சில வரிகள். சுவாதீன நடவடிக்கையில் குறை இருந்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயம் போகலாம். சிவில் நீதிமன்றம் இதில் தலையிட முடியாது, "ஸ்டே வாங்கித் தருகிறேன்" என்று அங்கே வழக்குப் போடச் சொல்பவரை நம்பாதீர்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் வங்கிக்கு எழுதுங்கள், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்.

நிலைப்படி:
நன்றி ஐயா, நன்றி சகோதரரே. தரகரிடம் முடியாது என்று சொல்லிவிட்டோம். விற்பது என்று பேசி முடித்திருக்கிறோம், மாமனார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருவர் வந்து பார்த்தார், பிடித்திருக்கிறது. ஆனால் மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் எப்படி முன்பணம் கொடுப்பது என்கிறார். அது வங்கியில் அல்லவா இருக்கிறது?

பழைய கணக்கர்:
அவர் கேட்பது நியாயம். கிளையில் இரண்டு காகிதம் கேளுங்கள்: கடனை முடிக்க இன்ன தேதிக்கு இவ்வளவு என்ற கடிதம், வங்கி வசம் உள்ள பத்திரங்களின் பட்டியல். இவற்றோடு பத்திர நகல்களையும் கொடுத்தால் அவருடைய வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். அவரும் கடன் வாங்குபவர் என்றால் அவருடைய வங்கியே உங்கள் கணக்குக்கு நேராகக் காசோலை கொடுத்துவிடும். முன்பணமாக வரும் தொகையையும் கடன் கணக்கிலேயே கட்டச் சொல்லுங்கள், 90 நாள் பயம் தள்ளிப்போகும். உங்களுடையது மாறும் வட்டிக் கடனாக இருந்தால், முன்கூட்டியே முடிப்பதற்குக் கட்டணம் கிடையாது, கேட்டால் மறுத்துவிடுங்கள்.

கடன் முடிந்தபின் சார்பதிவாளர் அலுவலகத்தில், அடமானம் தீர்ந்தது என்று சொல்லும் ரசீது ஆவணம் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வங்கி அதிகாரி நேரில் வர வேண்டியிருக்கும், அவர் வரும் தேதியை இப்போதே பேசிக் குறித்துக்கொள்ளுங்கள். அது பதிவாகாவிட்டால் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும், வாங்குபவர் கிரயத்துக்கு உட்கார மாட்டார்.