பங்குனியில் வெட்டிய இச்சி போன்சாய், ஆடி வந்தும் தேறவில்லை. என்ன செய்யலாம்?

மாடிக்காரன்_ஆனையூர்:
வணக்கம். மொட்டை மாடியில் இரண்டு போன்சாய் (ஆழமில்லாத தட்டில் குட்டையாக வளர்க்கும் மரம்) வைத்திருக்கிறேன். ஒன்று இச்சி, நர்சரியில் ஃபைகஸ் என்று சொல்லிக் கொடுத்தார்கள், ஆறு வருடமாக என்னிடம் இருக்கிறது. இன்னொன்று புளி. மார்ச் மாதம்தான் வெட்ட ஏற்ற நேரம் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இச்சியைத் தட்டிலிருந்து எடுத்து, வேரில் பாதிக்கு மேல் வெட்டி, கிளைகளை ஒட்ட நறுக்கி, மிச்ச இலையையும் கிள்ளி, கிளையை வளைக்கக் கம்பியும் சுற்றி, பழைய இடத்திலேயே வெயிலில் வைத்துவிட்டேன். அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் இரண்டு கிளை காய்ந்துவிட்டது. இப்போது உச்சியில் நாலைந்து இலை மட்டும் இருக்கிறது, அதுவும் வெளிறிப்போய். மறுபடி வெட்டிவிட்டால் துளிர்க்குமா? புளியை இந்த மாதம் தொடலாமா?

பழைய_கத்தரி:
தம்பி, கத்தரியைக் கீழே வையுங்கள் முதலில். நாலு வேலையையும் ஒரே நாளில் செய்துவிட்டு மரம் தேறவில்லை என்றால் எப்படி? அந்த வீடியோக்காரர் ஊரில் மார்ச் என்றால் பனி விலகி மரம் தூக்கம் கலையும் நேரம், மொட்டு வெடிக்கப் போகும்போது வெட்டுகிறார். நமக்கு அது கோடையின் வாசல், அடுத்து நாற்பது டிகிரி வெயில். இலை இல்லை, வேர் பாதிதான், வறுத்தெடுக்கும் மாடி, மரம் எதை வைத்துப் பிழைக்கும்?

உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சையாக இருக்க வேண்டும், இச்சியில் பாலும் கசியும். பழுப்பாக, காய்ந்து இருந்தால் அந்தக் கிளை போய்விட்டது, பச்சை வரும் இடம் வரை வெட்டிவிடுங்கள். மற்றதைத் தொடாதீர்கள். தெம்பாக இலை விட்ட பிறகு, ஒரு கிளையில் ஆறேழு இலை வந்ததும் இரண்டு மூன்று இலை விட்டு நறுக்கலாம், அந்த மாதிரி சின்ன நறுக்கல் வருடம் முழுக்க நடக்கும். இலையை மொத்தமாகக் கிள்ளுவது கொழுத்த மரத்துக்கு மட்டும். வேரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் வெட்டுவதில்லை, அதுவும் தை கடைசியிலோ ஆவணியிலோதான்.

நிழல்வலை:
அண்ணன் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மாதத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இச்சி, ஆல், அரசு எல்லாம் சூட்டு மரங்கள், சூடு இருக்கும்போதுதான் வேர் ஓடும். நானே சித்திரையில் ஓர் ஆலமரத்தைத் தட்டு மாற்றியிருக்கிறேன், ஆனால் கிளையைத் தொடவில்லை, ஒரு மாதம் பாதி நிழல் தரும் வலைக்கடியில், காற்று படாத மூலையில் வைத்தேன், பிழைத்துக்கொண்டது. இவர் மரத்தைக் கெடுத்தது வெட்டிய பிறகு வைத்த இடம்.

அப்புறம் அந்தக் கம்பி. இன்னும் இருக்கிறது என்றால் சுற்றைப் பிரித்து இழுக்காதீர்கள், பட்டை கம்பியோடு உரிந்து வந்துவிடும். ஒவ்வொரு சுற்றையும் கட்டரால் நறுக்கித் துண்டு துண்டாக எடுங்கள். ஆடிக்காற்றுக்கு மரம் தட்டில் ஆடினால் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும், தட்டோடு சேர்த்து ஒரு கயிறு போட்டுக் கட்டுங்கள்.

போர்தண்ணி:
மண் என்ன போட்டீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே. செம்மண்ணை மட்டும் போட்டால் இரண்டு மாதத்தில் செங்கல் மாதிரி இறுகிவிடும், மேலே ஊற்றிய தண்ணீர் ஓரமாக ஓடிவிடும், நடுவேர் காயும். நான் செங்கலை உடைத்து, தூளைச் சலித்து எறிந்துவிட்டு, மிளகு அளவு துண்டுகளைப் பாதிக்குப் பாதி கலக்கிறேன். தட்டு ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதா பாருங்கள், அது நம்ம ஊர் போர் தண்ணீரின் உப்பு. மழை பெய்யும்போது தட்டை வெளியே வைத்து நன்றாகக் கழுவ விடுங்கள். உரம் இப்போது வேண்டாம்.

மாடிக்காரன்_ஆனையூர்:
எல்லோருக்கும் நன்றி. சுரண்டிப் பார்த்தேன். காய்ந்த இரண்டு கிளையும் பழுப்புதான், ஆனால் அடிமரத்தில் பச்சை, ஒரு சொட்டுப் பாலும் வந்தது. கம்பியை நறுக்கி எடுத்தாயிற்று, ஒரு இடத்தில் பட்டைக்குள் திருகு மாதிரி தடம் விழுந்திருக்கிறது. போர் தண்ணீர் அண்ணே, நீங்கள் சொன்னது சரி, வெறும் செம்மண்தான். இப்போது மாற்றலாமா, அப்படியே விடவா?

போர்தண்ணி:
விடுங்கள். இப்போது மாற்றினால் இருக்கிற வேரும் அறும். ஒரு சாப்ஸ்டிக்கோ குடைக்கம்பியோ எடுத்து தட்டோரமாக நாலைந்து இடத்தில் குத்திவிடுங்கள், தண்ணீர் இறங்கும். தை வரட்டும்.

பழைய_கத்தரி:
அந்தத் தடம் மறைய இரண்டு வருடமாவது ஆகும், கவலைப்படாதீர்கள். புளியை நுனி மட்டும் கிள்ளுங்கள். அடிவேரைத் தொட்டீர்கள் என்று தெரிந்தால் ஆனையூருக்கே வந்து கத்தரியைப் பிடுங்கிக்கொள்வேன்.