கார்பன் புள்ளிகளின் ஒளிர்வு: துகளிலிருந்தா, உடன் கரைந்த மூலக்கூறிலிருந்தா?

கேள்வி:
சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன்டைஅமீனையும் நீரில் கரைத்து, டெஃப்லான் உறையிட்ட ஆட்டோகிளேவ் எனும் உயரழுத்தக் கலனில் 200 டிகிரி செல்சியஸில் 5 மணி நேரம் வைத்துக் கார்பன் புள்ளிகள் எனும் ஒளிரும் நுண்துகள்களைத் தயாரித்தேன். மையவிலக்கியில் சுழற்றி, 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்த பழுப்புக் கரைசல் 360 நானோமீட்டர் ஒளியில் அடர்நீலமாக ஒளிர்கிறது. இரும்பு(III) அயனியைச் சேர்த்தால் ஒளிர்வு தணிகிறது. இதைக் குருதிச் சீரத்தின் இரும்பை அளக்கும் உணரியாக்க விரும்புகிறேன். அதற்கு முன் எந்தச் சோதனைகளை முடிக்க வேண்டும்?

மறுமொழி 1:
முதலில் தூய்மைப்படுத்துங்கள். கார்பன் புள்ளிகள் பொதுவாக 10 நானோமீட்டருக்கும் சிறியவை; உங்கள் வடிகட்டியின் துளையோ 220 நானோமீட்டர். பெருந்திரள்கள் மட்டுமே அதில் தங்கும். வினைபுரியாத மூலப்பொருளும் சிறு மூலக்கூறுகளும் துகள்களோடு சேர்ந்தே இறங்கிவிடும். அதிலும் நீங்கள் தேர்ந்தெடுத்த இணை, ஐபிசிஏ எனச் சுருக்கமாக அழைக்கப்படும், 180 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) மட்டுமே எடையுள்ள, நீலமாக மிகப் பிரகாசமாய் ஒளிரும் ஒரு கரிமச் சேர்மத்தையும் உண்டாக்கும். ஆகவே ஏறத்தாழ 1000 டால்டனுக்கும் சிறிய மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் கரைசலை இட்டு, வெளியே உள்ள நீரை மாற்றி மாற்றி, இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ் செய்யுங்கள். வெளிநீரைக் கொட்டிவிடாமல் சேர்த்துவைத்து, அதன் ஒளிர்வையும் அளந்து பாருங்கள். மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் துகள்கள் தெரிவதாலேயே அவைதாம் ஒளிர்கின்றன என்று ஆகிவிடாது. நானும் முன்பு அப்படி நம்பி ஏமாந்தவன்தான்.

மறுமொழி 2:
ஒளிர்வு தணிவதையும் ஐயத்தோடு பாருங்கள். இரும்பு(III) கரைசலே புறஊதாப் பகுதியில் ஒளியை உட்கவரும் என்பதால், துகளைத் தொடாமலேயே அது உங்கள் தூண்டும் ஒளியைத் தின்றுவிடலாம். தூண்டல், உமிழ்வு ஆகிய இரு அலைநீளங்களிலும் உட்கவர்தலை அளந்து திருத்தம் செய்த பின்னரே ஒளிர்வு ஆயுட்காலத்தை, அதாவது தூண்டிய பின் ஒளிர்வு மங்க எடுக்கும் நேரத்தை, பாருங்கள். ஆயுட்காலம் மாறாதிருப்பது, இரும்பு துகளோடு பிணைந்து ஒளிராத கூட்டாகிவிடும் நிலைத் தணிப்புக்கும், இரும்பு ஒளியை வழியிலேயே உட்கவரும் இந்த வடிகட்டும் விளைவுக்கும் பொதுவானது. சீரம் இன்னும் கடினம்: அங்கே இரும்பு டிரான்ஸ்ஃபெரின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது, தனி அயனியாக நடுநிலைக் கரைசலில் விட்டாலோ ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடுகிறது.

கேள்வி கேட்டவர்:
டயாலிசிஸ் முடித்தேன். ஒளிர்வின் பெரும்பகுதி வெளிநீருக்குப் போய்விட்டது. பைக்குள் நின்றது மங்கலாக ஒளிர்கிறது. தூண்டும் அலைநீளத்தைக் கூட்டினால் அதன் உமிழ்வும் நகர்கிறது. இதன் குவாண்டம் விளைதிறனை, அதாவது உட்கவர்ந்த ஒளித்துகள்களில் எத்தனை பங்கு ஒளிர்வாக வெளிவருகிறது என்பதை, எப்படி அளப்பது?

மறுமொழி 1:
0.1 மோலார் கந்தக அமிலத்தில் கரைத்த குயினைன் சல்பேட்டோடு ஒப்பிடுங்கள்; அதன் மதிப்பை 0.54 எனக் கொள்வது வழக்கம். இரு கரைசல்களின் உட்கவர்தலும் தூண்டும் அலைநீளத்தில் 0.1-க்குக் கீழ் இருக்கட்டும். முதலில் வடித்த கலவைக்கு ஏற்கெனவே ஒரு மதிப்பைக் கணித்திருந்தால், அதைத் துகளின் மதிப்பாக எழுத வேண்டாம்.