மண்டலினுக்கு எந்த ஆம்ப்ளிஃபையர்?

எட்டுத்தந்தி: என் மண்டலினில் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் கட்டை) அருகே ஒட்டும் பீசோ பிக்கப் (அதிர்வை மின்சைகையாக மாற்றும் வில்லை) பொருத்தினேன். மைத்துனரின் எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் இணைத்தால், தகரக் கூரையில் கல்மழை பெய்வதுபோல் கேட்கிறது. வாசிப்பது நாற்பது பேர் உட்காரும் கூடத்தில். பக்கத்தில் ஒரு தபேலா. என்ன வாங்கலாம்?

ஒலிப்பெட்டி: பிழை உங்கள் விரலில் இல்லை. கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்துவிடும். நடு ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும். மண்டலினின் மினுமினுப்பு அங்கேயே செத்துவிடுகிறது. ட்வீட்டர் (உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்) உள்ள அக்கூஸ்டிக் ஆம்ப்ளிஃபையர் வாங்குங்கள். அந்தக் கூடத்துக்கு 60 வாட் தாராளம்.

பழைய தம்புரா: அவசரப்படாதீர்கள். பீசோவின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ், மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) மிக அதிகம். ஆம்ப்ளிஃபையர் உள்ளீட்டின் மின்மறுப்பு அதைவிடப் பல மடங்கு அதிகமாக இல்லாவிட்டால் 196 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் அடித்தந்தியின் கனம் போய்விடும். நான் 10 மெகாஓம் உள்ளீட்டு மின்மறுப்புள்ள சிறிய ப்ரீஆம்ப் (ஆம்ப்ளிஃபையருக்கு முன் சைகையைச் சீராக்கும் பெட்டி) ஒன்றை இடையில் வைத்தேன். அன்றைக்குத்தான் என் வாத்தியத்துக்கு வயிறு இருப்பதே தெரிந்தது! முதலில் அது, ஆம்ப்ளிஃபையர் பிறகு.

எட்டுத்தந்தி: சத்தம் கூட்டினால் ஊளையிடுகிறதே?

ஒலிப்பெட்டி: ஆம்ப்ளிஃபையரை முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பீர்கள். முன்னால், பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். ஊளையை அடக்க, ஃபேஸ் பொத்தானும் (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) நாட்ச் ஃபில்டரும் (ஊளையிடும் அலைவரிசையை மட்டும் வெட்டுவது) உள்ள மாடலாகப் பாருங்கள். கடைக்கு உங்கள் மண்டலினையே எடுத்துப் போங்கள். கடைக்காரரின் கிட்டாரில் கேட்டு ஏமாந்தவன் நான்.