304இல் வெல்கிறேன், போக்கரில் மட்டும் ஏன் காலியாகிறேன்? உதவி தேவை

கடலோரத் தம்பி:
கொழும்பு வெள்ளவத்தையில், ரயில் பாதைக்குப் பக்கத்து ஃப்ளாட்டில் சனி இரவுகளில் ஆறு பேர் கூடி டெக்சஸ் ஹோல்டெம் போக்கர் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து) விளையாடுகிறோம். தொடங்கி ஐந்து மாதம். பெரிய காசு இல்லை. தலைக்கு 1000 ரூபாய், அதற்கு 1000 சிப்ஸ். சேரும் காசு முழுக்கக் கொத்து ரொட்டிக்கும் சோடாவுக்கும். முதலில் காலியாகிறவன் போய் வாங்கி வரவேண்டும். கடைசி ஏழு சனியில் ஆறு தடவை நான்தான் போனேன். கொத்துக் கடைக்காரர் என்னைக் கண்டதும் கேட்காமலே ஆறு பார்சலுக்குத் தட்டத் தொடங்குகிறார்.

காட்ஸ் தெரியாதவன் என்று நினைக்காதீர்கள். அப்பப்பாவிடம் 304 சீட்டாட்டம் பழகினவன். எந்தச் சீட்டு இறங்கிவிட்டது, துரும்பு யாரிடம் மிச்சம் என்பதெல்லாம் மனதில் நிற்கும். போக்கரில் அது எதுவும் உதவவில்லை. அதிர்ஷ்டம் இல்லையா, அல்லது முகம் காட்டிக்கொடுக்கிறதா? நண்பன் ஒருவன் கறுப்புக் கண்ணாடி போடச் சொல்கிறான்.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
கண்ணாடியைக் கடற்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. இரண்டு கேள்வி. பத்துக் கை பகிர்ந்தால் எத்தனையில் ஃப்ளொப் (மேசையில் விழும் முதல் மூன்று சீட்டு) வரைக்கும் நிற்கிறீர்கள்? கடைசியாகக் காலியான கையைச் சீட்டுச் சீட்டாக எழுத முடியுமா?

கடலோரத் தம்பி:
ஏழு, எட்டு இருக்கும் அண்ணே. சும்மா பார்த்துக்கொண்டிருக்கவா வந்தோம்?

கை இதுதான். பிளைண்ட் (சீட்டுப் பார்க்குமுன் இருவர் கட்டாயம் வைப்பது) 10, 20. பிக் பிளைண்டுக்கு, அதாவது 20 வைப்பவனுக்கு, அடுத்த இடம் எனக்கு. வந்தது ஜாக்கும் 9உம், வேறு வேறு இனம். 20 வைத்தேன். பின்னால் ஒருவன் 80 ஆக்கினான், கோல் செய்தேன் (நானும் அதே அளவு வைத்தேன்), மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார்கள். ஃப்ளொப் ஜாக், 7, 3. நான் செக் (ஒன்றும் வைக்கவில்லை), அவன் 100, கோல். டேர்ன் (நான்காவது சீட்டு) 5. அவன் 250, கோல். ரிவர் (ஐந்தாவது) 2. மிச்சம் இருந்த 570ஐயும் கேட்டான். என்னிடம் மேல் ஜோடி இருக்கிறதே என்று கோல் செய்தேன். அவனிடம் ஏஸ், ஜாக்.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
ஜாக்கும் 9உம்! நினைத்தேன். உங்கள் அப்பப்பாதான் காரணம்.

304இல் ஜாக் 30, 9 இருபது. ஏஸே 11தான், கிங்குக்கு 3, குயினுக்கு 2. துரும்பில் இந்த இரண்டும் கையில் இருந்தால் யாரும் அசைக்க முடியாது. சின்ன வயதிலிருந்து அந்த இரண்டு முகத்தையும் கண்டு கண் பூத்துப்போன ஆள் நீங்கள். போக்கரில் ஜாக்குக்கு மேலே குயின், கிங், ஏஸ் மூன்றும் நிற்கின்றன. 9 வெறும் 9தான்.

இரண்டாவது பழக்கம் இன்னும் மோசம். 304இல் கை மோசமென்றாலும் எட்டுச் சீட்டையும் போட்டு முடித்தே ஆகவேண்டும். போக்கரில் கவிழ்த்து வைக்கலாம், பிளைண்ட் உங்கள் முறை இல்லாவிட்டால் ஒரு சதமும் போகாது. நீங்கள் அந்த வழி இருப்பதையே மறந்து ஆடுகிறீர்கள்.

இந்தக் கையில் ஃப்ளொப்பில் உங்களுக்கு வந்தது நல்ல ஜோடிதான். அவனுக்கும் அதே ஜோடி. ஜோடி ஒன்றானால் பக்கத்துச் சீட்டுத்தான் தீர்ப்புச் சொல்லும்: உங்களுக்கு 9, அவனுக்கு ஏஸ். ஃப்ளொப்புக்கு முன்னாலேயே 80க்கு ஏற்றினவன் மூன்று தடவையும் அடித்தால், ஜாக்-9 எந்தக் கையை வெல்லும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். உண்மையில் தவறு 570இல் இல்லை. முதல் 20இல்.

பிக் பிளைண்டுக்கு அடுத்த இடமென்றால் 7, 7இலிருந்து மேலே உள்ள ஜோடிகள், ஏஸுடன் 10 அல்லது அதற்கு மேல், கிங்-குயின். மற்றதைக் கவிழுங்கள். ஆடினால் ரெய்ஸோடு (தொகையை ஏற்றி) உள்ளே போங்கள், சும்மா 20 வைத்து நுழையாதீர்கள். டீலர் இடத்துக்கு வரும்போது கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். ஃப்ளொப்புக்குப் பிறகு மற்ற எல்லோரும் பேசியபிறகே நீங்கள் பேசுவீர்கள், அதுதான் அந்த இடத்தின் விலை. யாரும் நுழையாவிட்டால் அங்கே ஒரே இனத்தில் ஜாக்-9 வந்தால் நானும் ரெய்ஸ் செய்வேன்.

கடலோரத் தம்பி:
அண்ணே, இடத்தைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வந்தது. முதல் மாதம் முழுக்க நாங்கள் 304 மாதிரி வலப்பக்கமாகத்தான் பகிர்ந்தோம். யாருக்கும் உறைக்கவில்லை.

தெஹிவளை சின்னவன்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு வேறு நோய். இரண்டு சீட்டும் ஒரே இனத்தில் வந்தால் விட மனம் வராது. போன வாரம் கையில் இரண்டு ஆடுதன் (ஹார்ட்ஸ்), மேசையில் இரண்டு ஆடுதன். டேர்ன் முடிந்தும் ஃப்ளஷுக்கு (ஐந்தும் ஒரே இனம்) வேண்டிய ஐந்தாவது வரவில்லை. பொட்டில் (நடுவில் சேர்ந்த காசில்) 400. எதிராளி மிச்சமிருந்த 400ஐயும் போட்டு ஓல்-இன். கோல் செய்தேன், ரிவரில் கலாவரை (கிளப்ஸ்) வந்து தொலைத்தது. பிழையா?

கணக்கு அக்கா:
பிழைதான். எண்ணிப் பாருங்கள். 13 ஆடுதனில் நான்கு உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, மிச்சம் 9. நீங்கள் பார்க்காத சீட்டு 46. ஆக வருவதற்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு. 1200 ஆகப்போகிற பொட்டுக்காக 400 கொடுக்கிறீர்கள், அதாவது மூன்றில் ஒரு தடவையாவது வந்தால்தான் கட்டும். அவன் 100 மட்டும் போட்டிருந்தால் 600க்கு 100, ஆறில் ஒரு தடவை போதும், கோல் செய்யலாம்.

மேசையில் வகுத்துக்கொண்டிருக்க முடியாதே என்பீர்கள். உதவக்கூடிய சீட்டை எண்ணி, ஒரு சீட்டு வரவேண்டியிருந்தால் இரண்டால் பெருக்குங்கள், ஃப்ளொப்பில் நின்று ரிவர் வரை இரண்டையும் பார்க்கப்போவதானால் நான்கால். ஒன்பதுக்கு 18 சதவீதம், 36 சதவீதம். சரியான விடை 19.6, 35. போதாதா?

அப்புறம் அந்த ஒரே இனப் பைத்தியம்: ஒரே இனத்தில் இரண்டு வந்தால் ஃப்ளொப்பிலேயே ஃப்ளஷ் அமைவது ஏறக்குறைய 119க்கு ஒரு தடவை. அதை நம்பிக் கிங்-4இனை ஆடாதீர்கள்.

தெஹிவளை சின்னவன்:
நன்றி அக்கா. இவ்வளவு தெரிந்தால் கசினோவுக்கே போகலாம் போலிருக்கிறது.

கணக்கு அக்கா:
அங்கே ஒவ்வொரு பொட்டிலும் கசினோக்காரன் ஒரு பங்கு எடுப்பான். கொத்துக் காசோடு நில்லுங்கள்.

கடலோரத் தம்பி:
மூன்று சனி கழித்து எழுதுகிறேன். அண்ணே சொன்னபடி செய்தேன். முதல் இரவு பைத்தியம் பிடித்தது. பத்தில் இரண்டு கைதான் ஆடினேன், மற்ற நேரம் ரயில் எண்ணினேன். பதினொரு மணியளவில் ஜாக்-9 வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு கவிழ்த்தேன். ஃப்ளொப் ஜாக், ஜாக், 9. எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆனால் மூன்று சனியும் கொத்து வாங்க நான் போகவில்லை.

இப்போது புதுப் பிரச்சினை. நான் ரெய்ஸ் என்றாலே ஐந்து பேரும் கவிழ்க்கிறார்கள். நேற்று இரண்டு ஏஸ் வந்தும் பிளைண்டில் இருந்த வெறும் 30 சிப்ஸ்தான் கிடைத்தது. 221 கைக்கு ஒரு தடவை வருமாம், அதுவும் இப்படிப் போனது.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
நல்ல செய்தி தம்பி! பயப்படுகிறார்கள் என்றால் இனிமேல் பொய் சொல்லலாம். டீலர் இடத்தில், முன்னால் யாரும் நுழையாதபோது, 8-7 போல ஏதாவது வைத்துக்கொண்டு 60 ஆக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த 30 உங்களுக்கே. யாராவது கோல் செய்தால் ஃப்ளொப்பில் ஒரு தடவை அடியுங்கள், திருப்பி அடித்தால் கவிழ்த்துவிட்டுச் சிரியுங்கள். ஓரிரு தடவை பிடிபட்டாலும் பரவாயில்லை, அடுத்த ஏஸ் ஜோடிக்குக் காசு கொடுக்க ஆள் இருப்பார்கள்.

கடலோரத் தம்பி:
அடுத்த சனி போயா (பௌர்ணமி) இரவு, ஏழு பேர் வருகிறார்கள். முயன்று பார்க்கிறேன். கொத்துக் கடைக்காரர் நேற்று வழியில் மறித்து, "என்ன தம்பி, கோபமா?" என்று கேட்டார்.