சென்ட் போத்தல் தலை அமுங்குது, சென்ட் வரவில்லை

கல்லடியிலிருந்து எழுதுகிறேன். அண்ணா சித்திரை வருசத்துக்குக் கட்டாரிலிருந்து கொண்டுவந்த 100 மில்லி சென்ட், முக்கால் போத்தல் அப்படியே கிடக்கிறது, ஆனால் இரண்டு கிழமையாக ஸ்ப்ரே வேலை செய்யவில்லை. அமத்தினால் தலை கீழே போய் அப்படியே நிற்கிறது, கழுத்தடியில் ஒரு துளி மட்டும் கசிகிறது (அந்த ஒரு துளியே பின்னேரம் வரை விரலில் மணக்குது, அதுதான் வயித்தெரிச்சல்). தலையைக் கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறவைத்தேன், ஊசியால் குத்தினேன், வேறு போத்தலின் தலையையும் மாட்டிப் பார்த்தேன், சரிவரவில்லை.

கழுத்து திருகிற மூடி இல்லை, அலுமினியத்தால் நெரித்து மூடியது. குறடு போட்டால் கண்ணாடி வெடிக்கும் என்று பயம், உள்ளே அல்கஹோல் என்பதால் சூடு காட்டவும் ஏலாது. காத்தான்குடியில் இரண்டு அத்தர் கடையில் கேட்டேன், புதுசு வாங்கச் சொல்கிறார்கள்.

போத்தலை உடைக்காமல் உள்ளே இருப்பதை வேறு போத்தலுக்கு மாற்றியவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள்?