அப்பாவின் ஊனமுற்றோர் ஓய்வூதியம்: 30 சதவீதத்தை 50 ஆக்க எங்கே தொடங்குவது?

குழுவில் உள்ள முன்னாள் படைவீரர் ஐயாக்களுக்கும் அண்ணன்களுக்கும் வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

அப்பா ஆர்ட்டிலரியில் ஹவில்தார். 2011-இல் பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றார். பீரங்கிச் சத்தத்தில் இரண்டு காதும் மந்தம். மருத்துவ வாரியம் 30 சதவீத ஊனம், வாழ்நாள் முழுமைக்கும், ராணுவப் பணியால் வந்தது என்று எழுதிக்கொடுத்தது. அதற்கான தொகையும் வருகிறது. ஆனால் பிபிஓவில் (ஓய்வூதிய ஆணையில்) இன்னும் 30 என்றுதான் இருக்கிறது.

ஊனம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 50 என்று கணக்கிடும் ‘ரவுண்டிங் ஆஃப்’, பாதியில் மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று ஓர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பணிக்காலம் முடித்தவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் ராம் அவ்தார் வழக்கில் 2014 டிசம்பரிலேயே சொல்லியாயிற்றே! நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. அப்படியானால் 30 சதவீத ஊனத்துக்கு அப்பாவுக்கு இப்போது சம்பளத்தில் 9 சதவீதம், 50 என்று எடுத்தால் அது 15 ஆகும். மாத்திரை வாங்கும் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

படைவீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு மனு போட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டுமா, நேராகச் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கே போகலாமா? நிலுவை மூன்று வருடத்துக்கு மட்டும்தான் கிடைக்கும் என்கிறார்களே, உங்களில் யாருக்காவது அதற்கு மேல் வந்ததா?

டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ இரண்டும் கையில் இருக்கின்றன. மருத்துவ வாரிய அறிக்கையின் நகல் மட்டும் இல்லை, அதை யாரிடம் கேட்டு வாங்குவது? இதே வழக்கை நடத்தியவர்கள் இருந்தால் இங்கேயே பதில் எழுதுங்கள். அப்பாவுக்கு போனில் பேசினால் கேட்காது, எழுதினால் படித்துவிடுவார்.