2003இல் சுந்தர் சி எடுத்த இரண்டு படங்கள்: எது கல்ட், எது டைம்பாஸ்?

கீற்றுக்கொட்டகை:
2003 பொங்கலுக்கு அன்பே சிவம் வந்தது. சில மாதம் கழித்து வின்னர் வந்தது. இரண்டுக்கும் இயக்குநர் சுந்தர் சி. இரண்டிலும் கிரண்தான் கதாநாயகி. முதல் படம் விழுந்தது, இரண்டாவது ஓடியது. இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அன்பே சிவம் கல்ட் கிளாசிக் (ஒரு ரசிகர் கூட்டம் விடாமல் கொண்டாடும் படம்), வின்னர் டைம்பாஸ் என்கிறார்கள். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. அன்பே சிவத்தை மதிக்கிறோம், அவ்வளவுதான். தினமும் புழங்குவது வின்னரைத்தான். ஆபீஸில் ஒருத்தர் சவடால் விட்டு மாட்டிக்கொண்டால் "கட்டதுரைக்குக் கட்டம் சரியில்ல" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். மீட்டிங்கில் சூடு ஏறினால் "பேச்சு பேச்சாத்தான் இருக்கணும்". படத்தையே பார்க்காத பையன்கூடச் சிரிக்கிறான். பத்து வருடம் கழித்து, 2013இல், வின்னரில் வடிவேலு நடித்த கைப்புள்ளயின் சங்கத்துப் பெயரிலேயே, வருத்தப்படாத வாலிபர் சங்கம் என்று, சிவகார்த்திகேயன் படம் வந்தது. தலைப்பை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இதைவிட என்ன வேண்டும்?

ஆழிப்பேரலை:
நண்பரே, நீங்கள் சொல்வது பிரபலம். ஒரு படம் வந்தபோது ஊர் அதைக் கைவிட்டிருக்க வேண்டும், அப்புறம் சிலர் பிடிவாதமாகத் தூக்கிச் சுமந்திருக்க வேண்டும். கல்ட்டுக்கு அதுதான் அடையாளம். அன்பே சிவத்துக்கு நடந்தது அதுதான். தியேட்டரில் பார்த்தவர்கள் குறைவு. டிவியில் போடப்போட, பார்த்த ஒவ்வொருவரும் இன்னொருவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள். புவனேஸ்வரில் விமானம் கிளம்பாமல் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் சென்னை வந்து சேரும் கதை. ஒருத்தர் கம்யூனிஸ்ட், இன்னொருத்தர் விளம்பரப்படம் எடுப்பவர். வழி முழுக்கச் சண்டை. அதற்குள் கடவுளைப் பற்றிக் கமல் சொல்ல நினைத்ததையெல்லாம் மதனின் வசனம் சொல்லிவிடுகிறது. 2004 டிசம்பருக்கு முன்னாடியே சுனாமி என்ற சொல் இந்தப் படத்தில் வந்துவிட்டது என்று ஒரு துணுக்கு சுற்றுகிறதே, அதை யார் பரப்பினார்கள்? ரசிகர்கள்தான். (என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.)

கீற்றுக்கொட்டகை:
துணுக்கு பரவினால் கல்ட்டா சார்? அப்படியென்றால் வினாடி வினா நடத்துகிறவர்கள்தான் பெரிய ரசிகர்கள். உலகம் முழுக்க கல்ட் என்றால் முதலில் சொல்லும் படம் ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ. 1975இல் தோற்ற படம்தான், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சியாகப் போட ஆரம்பித்தார்கள். ஜனம் படத்தில் வருகிற மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வந்தது, திரையைப் பார்த்துப் பதில் வசனம் கத்தியது, கல்யாணக் காட்சியில் அரிசியை அள்ளி வீசியது. தோற்ற படங்கள் ஆயிரம் இருக்கின்றன. இது நின்றதற்குக் காரணம் ஜனம் உள்ளே புகுந்து விளையாடியதுதான். அன்பே சிவத்தில் யார் விளையாடுகிறார்கள்? அமைதியாகப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு ஸ்டேட்டஸ் போடுகிறார்கள்.

ரெண்டாவதுஆட்டம்:
இரண்டு பேரும் ஒரு படத்தை மறந்துவிட்டீர்கள். அன்பே சிவம் விழுந்த அந்தப் பொங்கலை ஜெயித்தது தூள். விக்ரம், ஜோதிகா, விவேக், பரவை முனியம்மா பாடிய சிங்கம் போல பாட்டு. தியேட்டரில் எழுந்து ஆடாதவன் கிடையாது. தூளைக் கல்ட் என்று யாராவது சொல்கிறார்களா? இல்லை. அதனால் அது மட்டமான படமா? அடுத்த வருடம் தூளை இயக்கிய அதே தரணி, விஜய்யை வைத்துக் கில்லி எடுத்தார். 2024 ஏப்ரலில் கில்லியைத் திரும்பப் போட்டபோது, புதுப்படத்துக்கு வராத கூட்டம் வந்தது. கில்லியை யாரும் எப்போதும் கைவிட்டதே இல்லை. ஆழிப்பேரலை அண்ணன் கணக்குப்படி அது கல்ட் ஆகாது. ஆனால் அதில் வில்லன் முத்துப்பாண்டியாக வரும் பிரகாஷ்ராஜ் செல்லம் என்று கூப்பிடுவதற்கு முன்னாலேயே தியேட்டர் மொத்தமும் கூப்பிட்டுவிட்டது.

எனக்குக் கோபம் வருவது 'வெறும்' பொழுதுபோக்கு என்கிற பேச்சுக்குத்தான். இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக ஒருத்தனைச் சீட்டில் உட்காரவைப்பது லேசான வேலை இல்லை. கில்லியில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மதுரையிலிருந்து ஓடி வந்த பிறகு, அவளை வீட்டிலேயே, அதுவும் போலீஸ்காரர் வீட்டிலேயே ஒளித்து வைக்கிறான். ஒவ்வொரு காட்சியிலும் கதவு திறக்குமா என்கிற பயமும் சிரிப்பும் கூடவே வரும். மூலக்கதை தெலுங்கு ஒக்கடு, சரி. ஆனால் மதுரையைப் பொருத்தின விதம், பிரகாஷ்ராஜை விட்ட விதம், இதெல்லாம் தொழில் தெரிந்தவன் வேலை. நாம்தான் அதற்கு மரியாதையான ஒரு பெயர் வைக்காமல் மசாலா என்று ஒதுக்கிவிட்டோம்.

ஆழிப்பேரலை:
தம்பி, கில்லி நல்ல படம், யார் இல்லை என்றது? ஆனால் அது ஊர்த் திருவிழா. ஊரே கொண்டாடுவதற்குத் தனியாக ரசிகர் மன்றம் எதற்கு? ஆயிரத்தில் ஒருவனைப் பாருங்கள். 2010 பொங்கல். இடைவேளைக்கு அப்புறம் வரும் சோழர் தமிழ் புரியவில்லை என்று பாதிப் பேர் எரிச்சலோடு வெளியே வந்தார்கள். இன்றைக்கு பார்த்திபன் ஆடும் ஆட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். 2021 புத்தாண்டன்று இரண்டாம் பாகத்துக்கு செல்வராகவன் போஸ்டர் விட்டபோது கிளம்பிய ஆரவாரம் முதல் பாகம் வந்த பொங்கலுக்குக்கூட இல்லை.

வின்னருக்கு வருகிறேன். நீங்கள் கொண்டாடுவது படத்தையா, வடிவேலு டிராக்கையா? அதை வெட்டித் தனியாகக் காமெடி சேனலில் ஓட்டினால் உங்களுக்கு ஏதாவது குறைகிறதா?

கயல்_நெல்லை:
குறையும் என்பதுதான் என் கட்சி. வடிவேலு மட்டுமே போதும் என்றால் 2022இல் வந்த நாய் சேகர் ரிட்டன்ஸ் ஓடியிருக்க வேண்டும். படம் முழுக்க அவர்தான். எடுபடவில்லை. கைப்புள்ளயைச் சுற்றி ஒரு சீரியஸான ஊர் இருக்கிறது. வில்லன் கட்டதுரைக்குத் தான் காமெடிப் படத்தில் இருக்கிறோம் என்றே தெரியாது, நிஜமாகவே அடிக்கிறான். அந்த அடி நிஜமாக இருப்பதால்தான் கோடு போட்டு "இதைத் தாண்டி வராதே" என்று சொல்கிறவனின் நடுக்கம் சிரிப்பாக மாறுகிறது. ஆக, அந்த டிராக் சாதாரண மசாலாப் படத்துக்குள்ளே இருந்தால்தான் வேலை செய்யும். வெட்டி எடுத்த துண்டைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்றால், மிச்சப் படம் நம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. எந்த வசனம் நிற்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஹீரோவின் பஞ்ச் வசனம் அடுத்த தீபாவளிக்குள் பழசாகிவிடும். தோற்றவன் பேசியதுதான் நிற்கிறது. கைப்புள்ள, சுத்தியலால் அடிபட்ட நேசமணி, நாய் சேகர், மூன்றுமே வடிவேலு பாத்திரங்கள். நேசமணி 2001இல் ப்ரெண்ட்ஸ் படத்தில் வந்தவர். 2019 மே மாதம் சுத்தியல் படம் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று ஃபேஸ்புக்கில் யாரோ கேட்டார்கள். நம் ஆள் ஒருவர் நேசமணியை இழுத்துவிட்டார். அவர் உயிர் பிழைக்க உலகமே பிரார்த்தனை செய்தது. யாரும் திட்டமிட்டதில்லை. மேனேஜர் முன்னால் நிற்கும்போது நாம் எல்லாரும் கைப்புள்ள. யாரும் கில்லி இல்லை.

ரெண்டாவதுஆட்டம்:
கயல் அக்கா, பாட்ஷா? 1995 படம். நூறு தடவை வசனத்தை ஹீரோதானே பேசினார்? இன்னும் நிற்கிறதே.

கயல்_நெல்லை:
நிற்கிறது. ஆனால் வீட்டில் யார் சொல்கிறார்கள்? டிபன் எடுத்து வைக்கச் சொல்லி மூன்று முறை கத்தியும் யாரும் கண்டுகொள்ளாத அப்பா சொல்கிறார். அவர் வாய்க்கு வந்ததும் அதுவும் கைப்புள்ள வசனம்தான்.

ஆழிப்பேரலை:
இது சுவாரஸ்யமான வாதம், ஆனால் எனக்குச் சாதகமாகவும் திருப்பலாம். அன்பே சிவத்தில் கமல் நடித்த நல்லசிவமும் தோற்றவர்தானே? விபத்தில் முகம் சிதைந்து, காதலித்த பெண் வேறொருவருக்கு மனைவியாகப் போவதைப் பார்த்துவிட்டு நடந்து போகிறவர். அவர் வசனத்தையும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். என்ன, மீம் போட வராது. மனசு உடைந்து உட்கார்ந்திருக்கும்போது நினைவுக்கு வரும். அதையும் நான் புழக்கம் என்றுதான் சொல்வேன். நீங்கள் சிரிப்பை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறீர்கள்.

கீற்றுக்கொட்டகை:
ஒத்துவராது சார். மனசு உடையும்போது நினைவுக்கு வரும் படம் நல்ல படம். ஊர் பேர் தெரியாத இரண்டு பேரை ரயிலில் ஒரே நொடியில் சிநேகிதம் ஆக்கும் படம் கல்ட். வின்னர் செய்யும், அன்பே சிவம் செய்யாது. முன்பின் தெரியாதவரிடம் போய் அன்புதான் கடவுள் என்று ஆரம்பித்துப் பாருங்கள், ஏதோ பிரசுரம் நீட்டப்போகிறீர்கள் என்று எழுந்து போய்விடுவார்.

ஆழிப்பேரலை:
சரி, கடைசியாக ஒன்று. கூகிள் பார்க்காமல் சொல்லுங்கள். வின்னரில் பிரசாந்த் பாத்திரத்தின் பெயர் என்ன?

ரெண்டாவதுஆட்டம்:
பிரசாந்த்?

கயல்_நெல்லை:
அன்பே சிவத்தில் கிரண் பெயர்?

ஆழிப்பேரலை:
பாலசரஸ்வதி. இதெல்லாம் ஒரு கேள்வியா?

கீற்றுக்கொட்டகை:
பார்த்தீர்களா, பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்திருக்கிறார். நான் சங்கத்தைக் கலைக்கிறேன்.